கோழி மங்கும் பால் மங்கும்

மலாய் 'மங்குக்' நம்ம தோட்டத் தமிழில் 'மங்கு' ஆயிற்று. கஞ்சி குடிக்கிற கிண்ணமும் மங்குதான், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கோப்பையும் மங்குதான். ஆனால் பழஞ்சாமான் சந்தையில் கிராக்கி முதலாவதுக்கு, அதிலும் சேவல் வரைந்த வெள்ளைக் கிண்ணத்துக்கு. மலாயில் அது மங்குக் ஆயாம், நமக்குக் கோழி மங்கு.

இதன் பூர்வீகம் சீனாவின் குவாங்டோங் மாநிலம், தாப்பு, சாவ்சாவ் வட்டாரங்கள். ஏழை வீட்டுச் சாமான்தான். கடல் தாண்டிப் போன சீனர்களோடு அதுவும் தென்கிழக்காசியா முழுக்கப் பரவியது. 1950களின் பிற்பாதியில் தாய்லாந்தின் லம்பாங்கில் குடியேறிய ஹக்கா குயவர்கள் அங்கேயே செய்யத் தொடங்கினார்கள். சிவப்புக் கழுத்து, கறுப்பு வால், பக்கத்தில் ஒரு பியோனிப் பூ, ஒரு வாழை இலை. படம் அவ்வளவுதான்.

கையால் வரைந்ததா, அச்சா? ஆயர் ஹீத்தாம் பீங்கான் கடையாக இருந்தாலும் ஜொகூர் பாரு பழஞ்சாமான் கடையாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். முதலில் வாலைப் பாருங்க. தூரிகை இழுப்பு தொடங்கும் இடத்தில் சாயம் தடித்து, முடிகிற இடத்தில் மெலிந்திருக்கும். இரண்டு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு கோழி. அச்சு ஒட்டியதில் எல்லாம் ஒரே கோழி. பூதக்கண்ணாடியில் பல சமயம் புள்ளி புள்ளியாகத் தெரியும். பழைய கிண்ணங்களில் சாயம் கிளேஸுக்கு மேலே பூசிச் சுட்டது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும், கழுவிக் கழுவிச் சிவப்பு தேய்ந்திருக்கும். அப்புறம் கவிழ்த்துப் பாருங்க. அடி வளையம் கிளேஸ் இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். கடைசியாக நகத்தால் சுண்டணும். கணீரென்றால் நல்லது. 'டொக்' என்றால் எங்கேயோ கீறல், விலை இறங்கும்.

பிரான்ஸின் கெம்பேர் நகர மண்பாண்டமும் இதே ரகம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே தொழில் நடக்கிறது. பிரெத்தோன் கிராமத்து ஆளையும் பெண்ணையும் நாலு இழுப்பில் வரைந்துவிடுவார்கள். ஆனால் அதன் அடியில் பட்டறை முத்திரை இருக்கும். இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்ததால், 'பிரான்ஸ்' என்ற எழுத்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கணக்குப் போடலாம். கோழி மங்கில் பல சமயம் பெயரே கிடையாது. மலிவாக விற்க வேகமாக வரைந்தார்கள். அந்த அவசரத்துக்குத்தான் இன்று விலை.

பெயரில்லாத ஓட்டுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. ஜொகூர் ஆற்றங்கரையின் ஜொகூர் லாமாவைப் போர்த்துகீசியர் 1587இல் அழித்தார்கள். 1950களில் அங்கே தோண்டியவர்களுக்குச் சீன நீல-வெள்ளைப் பீங்கான் உடைசல்கள் கிடைத்தன. காலத்தைக் கணிக்க அவைதான் கைகொடுத்தன. அந்த ஓடுகளுக்கு மதிப்பு அழகால் வரவில்லை. எந்த இடத்தில் கிடைத்தது என்று தெரிந்ததால் வந்தது.

இப்போது இரண்டாவது மங்குக்கு வருவோம். ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளை ரப்பர் தோட்டங்களுக்காகப் பால் மங்கு சுட்டது. நீளமான சூளை, விறகுத் தீ, சீனத் தொழிலாளிகள். அவர்கள் சுட்ட மாதிரி மங்குகளைத் தமிழ்த் தொழிலாளிகள் விடியலுக்கு முன்னே மரத்துக்கு மரம் துடைத்து வைத்தார்கள். மங்கு துடைக்கப் பிள்ளைகளும் போனார்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது.

பால் மங்கில் கோழி இல்லை, பூ இல்லை. சேகரிப்பவர் பார்க்கிற அளவுகோலில் அது தேறாது. ஆனால் அடையாளம் அதிலும் இருக்கிறது: விளிம்பில் படிந்த பால் கறை, கம்பி வளையம் உரசிய தடம், துடைத்துத் துடைத்து வழவழத்த உள்பக்கம். கோழி மங்கின் தேய்ந்த சிவப்பை 'பழமை' என்று கொண்டாடுகிறோம். இதுவும் அதே கைத்தேய்மானம்தான். ஒன்று சாப்பாட்டு மேசையில் தேய்ந்தது, மற்றது வேலையில்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிய பிறகு, வீட்டுக் கொல்லையில் செடி வைத்த மங்குகள்தான் மிச்சம். விலைக்குப் போகாது, போகவும் வேண்டாம். இருந்தால் கழுவிக் காயவைத்து, எந்தத் தோட்டம், யார் மரம் வெட்டினார், எந்த வருஷம் வரை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு அடியில் பென்சிலால் எழுதி வைங்க. அடி வளையத்தில் கிளேஸ் இருக்காது, பென்சில் நன்றாகப் பிடிக்கும்.