வட்டுக்கோட்டைப் பேராலயம்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய், சங்கானை வழியாக மேற்கே செல்வோர் இரண்டு பழைய தேவாலயங்களைக் காணலாம். சங்கானையில் இருப்பவை கூரையில்லாத வெறுஞ் சுவர்கள். அதற்கப்பால், வயல்களும் பனைகளும் சூழ்ந்த வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியை அடுத்து, இன்றும் ஆராதனை நடைபெறும் பேராலயம் நிற்கின்றது. இரண்டும் அந்நியர் ஆட்சிக்காலத்துக் கட்டடங்களே. ஒன்று பாழடைய, மற்றது நிலைத்தது ஏன் என்ற கேள்வி பழைய மாணவிகளாகிய எமக்கும் உரியது.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர்களைக் கோவிற்பற்றுகளாகப் பிரித்துத் தேவாலயங்களை அமைத்தனர். 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். ஒல்லாந்தக் குருவான பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் படமும் உண்டு. அக்காலத்தில் தேவாலயமே பாடசாலை. ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்ட தோம்பு உபாத்தியாயரின் பொறுப்பில் இருந்தது. 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் பராமரிப்பும் நின்றது.

1816இல் அமெரிக்க மிஷனரிமாரான மெய்க்ஸ், றிச்சார்ட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டைக்கு வந்தபோது தேவாலயம் கூரையிழந்து கிடந்தது. அவர்கள் அதைத் திருத்தினர். அருகில் கல்வியையும் தொடங்கினர். 1823இல் டானியல் பூவரை அதிபராகக் கொண்டு வட்டுக்கோட்டை செமினரி உருவாயிற்று. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம் என்பன அங்கு கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு கற்றவர்களே. ஏட்டிலிருந்த பழந்தமிழ் நூல்களைப் பின்னர் அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளை.

செமினரியில் பெண்களுக்கு இடமில்லை. ஆயினும் அடுத்த ஆண்டே, 1824இல், ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஆரம்பித்தார். பெண் எழுத்துப் படிப்பது தகாது என்று எண்ணிய காலம் அது. பிள்ளைகளைப் பாடசாலையில் நிலைத்திருக்கச் செய்ய, விவாகத்தின்போது சிறு சீதனம் கொடுக்கும் வழக்கத்தையும் மிஷன் கைக்கொண்டது. செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் மாணவ மாணவியருக்கு இடப்பட்டன. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் பெயரளவில் அமெரிக்கர், பிறப்பில் நம்மவர். எழுத்தறிவு கிடைத்தது, பெற்றோர் இட்ட பெயர் பின்னுக்குப் போனது. நன்றியோடு இதையும் சேர்த்து நினைப்பதே நேர்மையான வரலாறு.

1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் அதிகாரிகள், ஆங்கிலக் கல்வி இளைஞரை ஊழியத்துக்கன்றி உத்தியோகத்துக்கே அனுப்புகின்றது என்று கருதினர். சுதேச மொழிக் கல்வியே போதும் என்பது அவர்கள் முடிவு. முடிவெடுத்தவர் தூரத்தில், விளைவைச் சுமந்தவர் ஊரில். ஆனால் ஊரவர் அதோடு அமைந்துவிடவில்லை. செமினரியின் பழைய மாணவரும் கிறிஸ்தவப் பெரியோரும் இடையறாது முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி உதயமாயிற்று. கல்விக்கூடம் ஒன்றைப் பழைய மாணவர் மீட்டெடுத்த வரலாறு நம் மண்ணில் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றி, பேராயர் சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயரானார். கிராமத்துத் தேவாலயம் பேராலயமானது. தலைமைக்கு நகரம்தான் வேண்டும் என்பதில்லை.

சங்கானையில் சுவர் இருக்கின்றது, சபை இல்லை. வட்டுக்கோட்டையிலோ சுவருக்குள் மக்கள் இருந்தனர். அருகே பிள்ளைகள் படித்தனர். கூரை பழுதானபோது அதைத் திருத்த ஆட்கள் இருந்தனர். கட்டடம் காலத்தைக் கடப்பது கல்லின் வலிமையால் மட்டுமன்று.

நூறாண்டு கண்ட எமது சங்கத்தின் அங்கத்தவர் இன்று பல தேசங்களில் வாழ்கின்றனர். விடுமுறையில் ஊர் வரும்போது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இவ்விரண்டு இடங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள். முதலில் சங்கானை, பிறகு வட்டுக்கோட்டை. பாடசாலைக்கு நாம் ஏன் ஆண்டுதோறும் சந்தா அனுப்புகின்றோம் என்று அதன்பின் அவர்கள் கேட்கமாட்டார்கள்.