கடலடித் தந்தியும் மின் அளவுக் கருவிகளும்



துணியை முழம் போட்டு அளக்கிறோம். தோட்டத்தில் வெட்டிய பாலை நிறுத்துக் கணக்கெழுதுகிறோம். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை அளக்க மனிதன் எவ்வாறு கற்றான்? அந்த வரலாற்றில் நம் ஜொகூர்க் காட்டு மரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றி நடுவில் ஊசியை வைத்தால், சிறிய மின்னோட்டமும் அதை அசைக்கும். இவ்வாறு பிறந்ததே கால்வனோமீட்டர்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த அக்கருவிக்குப் பெரிய வேலை கொடுத்தது கடலடித் தந்தி. கடலில் கிடக்கும் செம்புக் கம்பிக்கு நீர் புகாத, மின்சாரம் கசியாத உறை தேவைப்பட்டது. மலாய்க் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் அதற்கு உதவியது. 'கட்டாபெர்ச்சா' எனப்பட்ட அப்பொருளின் மாதிரியை 1843இல் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் மொண்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பினார். ஜொகூர்த் தெமெங்கோங் இப்ராஹிம் அவ்வணிகத்தால் செல்வம் பெற்றார்.

1858இல் அட்லாண்டிக் கடலில் முதல் தந்திக் கம்பி இடப்பட்டது. அப்போது ஓம், வோல்ட் என்ற பொது அலகுகள் நடைமுறையில் இல்லை. செய்தி மெதுவாகச் செல்கிறதே என்று வைட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே குறைபாடுகள் கொண்டிருந்த உறை மேலும் பழுதாகி, சில வாரங்களிலேயே கம்பி ஊமையாயிற்று.

வில்லியம் தாம்சன் வேறு வழி கண்டார். மெல்லிய மின்னோட்டமே போதும், அதை உணரும் கருவிதான் வேண்டும் என்றார். சிறு காந்தத்தை ஒட்டிய குட்டிக் கண்ணாடியைப் பட்டு நூலில் தொங்கவிட்டார். கண்ணாடி சிறிது திரும்பினாலும், அதில் பட்ட விளக்கொளி அளவுகோலின்மேல் நெடுந்தூரம் நகரும். இடம், வலம் என்ற அசைவுகளே எழுத்துகளாயின.

1861இல் பிரிட்டனில் மின்தடைக்கு நிலையான அலகு காண ஒரு குழு அமைந்தது. 1881இல் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது.

இதனால் என்ன பயன்? ஒரு மைல் கம்பியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கடலில் கம்பி அறுந்தபின் கரையிலிருந்து அளந்தால் 500 ஓம் காட்டுகிறது. பழுது ஏறத்தாழ 50 மைல் தொலைவில் என்று கப்பலை அனுப்பலாம். அளவு இல்லையேல் கடல் முழுவதும் துழாவ வேண்டியதுதான்.

1871இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்தியால் இணைந்திருந்தன. எங்கள் கெலாங் பாத்தா வட்டாரக் கடற்கரையில் நின்றால், நீரிணைக்கு அப்பால் அந்தச் சிங்கப்பூர் தெரிகிறது. நம் முன்னோர் கப்பலில் பல நாள் கடந்த கடலைச் செய்தி விரைவில் கடந்தது.

ஆனால் அதற்குக் காடு விலை கொடுத்தது. ரப்பர் மரத்தைச் சீவினால் மறுபடியும் பால் தரும். தாபான் மரத்தையோ வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். ஒரு மரம் தந்தது மிகச் சிறிதளவே. 1880களில் பல இடங்களில் பெரிய மரங்கள் அரிதாகிவிட்டன. பிற்காலத்தில் பாலித்தீன் அந்த உறையின் இடத்தைப் பிடித்தது.

மின்சாரத்தை நுட்பமாக அளந்தவர்கள், காட்டில் எஞ்சிய மரங்களைக் கணக்கிடத் தவறினார்கள். மாணவர்களே, இவ்விரண்டு கணக்குகளையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.