அவுட்போர்டு மோட்டாரும் நாகப்பட்டினத்துக் குளிர்காலமும்

துவாக்குடில உக்காந்துக்கிட்டு படகு மோட்டாரைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. எங்க ஊருக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல தூரம். ஆனா திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியா நாகப்பட்டினம் போற ரோடு எங்க ஊரைத் தாண்டித்தான் போகுது. அந்த உரிமையில எழுதுறேன் :-)

அவுட்போர்டு மோட்டார்னா படகோட பின்பக்கம் வெளியே மாட்டுற எஞ்சின். வேணும்னா கழட்டித் தோள்ல தூக்கிட்டுப் போயிடலாம். இது கூட வர்ற கையேட்டுல, குளிர்காலத்துக்கு மோட்டாரை எப்படித் தயார் பண்ணி ஓரங்கட்டி வைக்கிறதுன்னு ஒரு பகுதி இருக்கும். நல்ல தண்ணியில ஓடவிட்டு உள்ளே இருக்குற உப்பைக் கழுவணும். கார்புரேட்டர்ல பெட்ரோல் நின்னா பிசினாப் படியும், அதனால அதை வடிச்சிடணும். பிளக்கைக் கழட்டி சிலிண்டருக்குள்ள எண்ணெய் அடிக்கணும், இல்லேன்னா துருப்பிடிக்கும். அடியில இருக்குற கியர் பெட்டியோட ஆயிலை மாத்தணும். பழைய ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தா சீல் வழியா தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தம். அந்தத் தண்ணி பனிக்கட்டி ஆகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், கியர் பெட்டியே விரிசல் விட்டுடும். கடைசியா மோட்டாரை நிமிர்த்தி நிக்க வைக்கணும், மிச்சத் தண்ணி தானா வடியட்டும்னு.

நம்ம பக்கத்து பெல் கம்பெனிக்காரங்களுக்கு இந்த மேட்டர் புதுசில்ல. பாய்லரை ரொம்ப நாள் நிறுத்தி வைக்கணும்னா, மருந்து கலந்த தண்ணியை நிரப்பியோ நைட்ரஜனை அடைச்சோதான் வைப்பாங்க. சும்மா நிக்கிற இரும்பைத்தான் துரு முதல்ல பிடிக்கும்.

சரி, கையேட்டுல இந்தப் பகுதி ஏன் வந்துச்சு? பொறந்த ஊர் அப்படி. அமெரிக்காவுல கேமரன் வாட்டர்மேன்னு ஒருத்தர் 1905 வாக்குலயே இப்படி ஒரு மோட்டாரைச் செஞ்சு பார்த்துட்டார். ஆனா ஊரெல்லாம் பரவ வச்சவர் ஓலே எவின்ரூட். 1877-ல நார்வேல பொறந்து, சின்ன வயசுலயே அமெரிக்கா போனவர். ஏரிக்கு அக்கரையிலேர்ந்து காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வர துடுப்பு போட்டாராம், வந்து சேர்றதுக்குள்ள உருகிப்போச்சாம், அந்த எரிச்சல்ல மோட்டார் கண்டுபிடிச்சாராம்னு ஒரு கதை சொல்லுவாங்க. (நம்ம ஊரா இருந்தா ஐஸ்கிரீம் வண்டிக்காரரே தேடி வந்திருப்பார்.) 1909-ல மில்வாக்கில விற்பனை ஆரம்பிச்சார். குளிர்காலத்துல ஏரி உறையுற ஊரு. அங்க மோட்டாரோட ஓய்வுக்காலம் காலண்டர்லயே இருக்கு.

அந்த நார்வே சம்பந்தம் நம்மளையும் விடல. 1952-ல இந்தியா, நார்வே, ஐ.நா. மூணும் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி, 1953-ல கொல்லம் பக்கத்துல நீண்டகரையில இந்தோ-நார்வே திட்டம் தொடங்குச்சு. மீனவர்களோட படகுக்கு எஞ்சின் வைக்கணும்னு ஆரம்பிச்சது, கடைசியில இறால் பிடிக்கிற இழுவைமடிப் படகுல போய் முடிஞ்சுது. அந்த விசைப்படகுகள் கரையோரத்தை அரிச்சு எடுக்க, கட்டுமரத்துக்காரங்களுக்கும் அவங்களுக்கும் தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் அடிதடி. நம்ம மாநிலத்துல 1983-ல கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்ததுக்கு இந்தச் சண்டை ஒரு முக்கியக் காரணம். சின்ன மீனவர் 1980-கள்ல மோட்டாரை வாங்கினது வசதிக்காகன்னு நான் நினைக்கல. கரையில மீன் குறைஞ்சுபோய், தூரம் போக வேண்டிய கட்டாயம்.

ஆனா கட்டுமரத்துல மோட்டாரை எங்க மாட்டுறது? சேர்த்துக் கட்டுன மரம்தானே, பின்பலகையே கிடையாது. குமரி மாவட்டம் முட்டத்துல பியர் ஜில்லேன்னு ஒரு பெல்ஜியம் பாதிரியார் இதுக்காகவே மெனக்கெட்டு, அலையில கரையேறக்கூடிய பிளைவுட் படகுகளை அங்கத்து மீனவர்களோட சேர்ந்து வடிவமைச்சார். அந்தப் பாட்டை எழுதுன புத்தகத்துக்கு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’னு பேர் வச்சார். அப்புறம் ஃபைபர் படகு வந்துச்சு. தெற்கே மண்ணெண்ணெய்ல ஓடுற அவுட்போர்டு, வடக்கே நாகை, கடலூர்ப் பக்கம் பெரும்பாலும் நீளத் தண்டு வச்ச டீசல் எஞ்சின். மண்ணெண்ணெய் மோட்டாரை பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்பவும் பெட்ரோல்ல ஓட்டணும். இல்லேன்னா மறுநாள் காலையில கயிறை இழுத்து இழுத்து தோள்பட்டை போயிடும்.

இப்ப நம்ம குளிர்காலத்துக்கு வருவோம். இங்க பனிக்கட்டி கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் இருக்கே, அப்ப ஓய்வுதானேன்னு கேப்பீங்க. 2001-லேர்ந்து ஏப்ரல் 15-ல தொடங்கி 45 நாள் தடை, 2017-லேர்ந்து 61 நாள். ஆனா அது விசைப்படகுக்கு. அவங்கதான் அந்த நேரத்துல படகைக் கரையேத்தி, பெயிண்ட் அடிச்சு, எஞ்சினைப் பிரிச்சு மாட்டுவாங்க. நாட்டுப்படகும் ஃபைபரும் கரையோரமா ஓடிக்கிட்டேதான் இருக்கும். அவங்க மோட்டாருக்குக் காலண்டர்ல லீவே இல்ல.

அவங்களோட குளிர்காலம் புயல்தான். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் எப்ப வேணா வரும். 1977 நவம்பர் 12-ல நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல கரையேறுன புயல், திருச்சியையே வெள்ளத்துல முக்குச்சு. எங்க வீட்டுப் பெரியவங்க இன்னைக்கும் எதையும் ‘வெள்ளத்துக்கு முன்னாடி, பின்னாடி’ன்னுதான் கணக்கு சொல்லுவாங்க. புயல் அறிவிப்பு வந்தா மீனவர் செய்யுற வேலை: படகை மேல இழுத்துக் கட்டிட்டு, மோட்டாரைக் கழட்டி வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றது. 9.9 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 40 கிலோ. ரெண்டு பேர் இருந்தா பத்து நிமிஷ வேலை. கையேட்டுல இருக்குற அத்தனை வேலைக்கும் நம்மாளு வச்சிருக்குற சுருக்கம் இதுதான். ஆனா இதுக்கு ஒண்ணு வேணும். முன்னாடியே யாராவது சொல்லணும்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. சுமத்ரா பக்கத்துல நிலநடுக்கம் வந்தது நம்ம நேரப்படி காலை 6:28-க்கு. நாகப்பட்டினத்துல அலை ஏறும்போது ஏறத்தாழ ரெண்டரை மணி நேரம் ஆகியிருந்துச்சு. அந்த ரெண்டரை மணி நேரத்துல ஒரு எச்சரிக்கையும் கரைக்கு வரல. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல உயிர் போச்சு. புயலுக்குத் தப்புறதுக்காக வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற மோட்டாரு, அன்னைக்கு வீடே தண்ணிக்குள்ள.

உப்புத்தண்ணியில முங்குன மோட்டாரைப் பத்தி ஒரு விஷயம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். தண்ணிக்குள்ள இருக்குற வரைக்கும் அதுக்குப் பெரிய ஆபத்து இல்ல. வெளியே எடுத்து காத்து பட்டதும் சில மணி நேரத்துல துரு ஆரம்பிச்சிடும். எடுத்த உடனே நல்ல தண்ணியில கழுவி, பிளக்கைக் கழட்டி உள்ளே இருக்குற தண்ணியை வெளியேத்தி, எண்ணெய் விட்டு, அன்னைக்கே ஓட்டிப் பார்க்கணும். முடியலேன்னா ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணி பிடிச்சு அதுலயே முக்கி வைக்கணும். பிள்ளையைத் தேடிக்கிட்டு ஓடுனவங்களுக்கு டிரம்மு எங்க, நல்ல தண்ணி எங்க? குடிக்கவே இல்ல. எஞ்சினுக்குள்ள மண்ணும் உப்பும் இறுகிப் போச்சு. மீனவர் கூட்டுறவு அமைப்பான சிஃப்ஸ், ஸ்நேகாவோட சேர்ந்து நாகையில தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைச்சுது. ஃபைபர் படகுங்க வந்து குவிஞ்சுது. பல ஊர்ல கட்டுமரமே காணாமப் போனது அதுக்கப்புறம்தான்.

ஹைதராபாத் இன்காய்ஸ்ல சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர்ல வந்துச்சு. 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா கரையேறுனப்ப எச்சரிக்கை நாள்கணக்குல முன்னாடியே இருந்துச்சு. படகுங்க ஆயிரக்கணக்குல நொறுங்குச்சு, வேதாரண்யம் பக்கம் கடல் சேறு கரையேறிக் கிடந்துச்சு. ஆனா மோட்டாரைக் கழட்ட நேரம் இருந்துச்சு.

2012 ஏப்ரல் 11-ம் இதுல சேரும். அன்னைக்கு மத்தியானம் சுமத்ராவுக்கு மேற்கே கடல்ல 8.6 அளவுல நிலநடுக்கம். கொஞ்ச நேரத்துலயே எச்சரிக்கை வந்துடுச்சு, கரையோர ஜனங்க மேடான இடத்துக்குப் போனாங்க. பெரிய அலை வரல. சாயங்காலம் எச்சரிக்கையை வாபஸ் வாங்கிட்டாங்க, ஜனங்க திரும்பி வீட்டுக்கு வந்தாங்க.