உரிமத்தோடு வந்த நஞ்சு: கெடா தோட்டப்புறத்தின் கழிவு வரலாறு

சுங்கைப் பட்டாணியில் நெகிழிக் கழிவு எரிந்த செய்தியைப் பேசும்போதெல்லாம், "எவனோ இரவோடு இரவாகக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டான்" என்றுதான் பலரும் சொல்கின்றனர். அது பாதி உண்மை. மறுபாதி, அந்தக் குப்பையில் பெரும்பங்கு முத்திரை குத்திய தாளோடு துறைமுகத்தைக் கடந்து வந்தது என்பது. திருட்டைத் தடுக்கக் காவலர் போதும்; உரிமத்தோடு வரும் நஞ்சைத் தடுக்க அரசியல் துணிவு வேண்டும். கெடா தோட்டப்புற வரலாற்றில் இது முதல்முறையாக நிகழ்ந்ததும் அன்று.

முதலில் வந்தது கள்ளு. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடை ஒளிவுமறைவாக நடந்ததல்ல. அரசு உரிமம் பெற்றே நடந்தது. அதை எதிர்த்து 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவர். உரிமம் பெற்ற கடையின் முன் மறியல் செய்தவர்களே சட்டத்தை மீறியவர்கள் ஆயினர்; காவல்துறையோடு மோதல்கள் மூண்டு உயிரிழப்பும் நேர்ந்தது. நம் மாணவர்கள் இந்தப் பெயரை அறியாமல் ஆறாம் ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அடுத்து வந்தது களைக்கொல்லி. இரப்பர் மரங்களுக்கிடையே லாலாங் புல்லை அழிக்க நீண்ட காலம் சோடியம் ஆர்சனைட் தெளிக்கப்பட்டது. ஆர்சனிக் என்பது ஆளைக் கொல்லும் நஞ்சு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1960களில் பராகுவாட் அதனிடத்தைப் பிடித்தது. முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். காலித் தோம்புகளைக் கழுவி, லயத்துக் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளை நானே கண்டிருக்கிறேன். நச்சுக் கழிவு என்னும் சொல் அன்று எவர் வாயிலும் இல்லை; 'நல்ல கெட்டித் தோம்பு' என்றுதான் சொன்னார்கள்.

பராகுவாட்டின் கதை, அரசியல் எப்படித் தளரும் என்பதற்கு நல்ல பாடம். தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகள் தரப்பு விடவில்லை. 2006இல் 'மேலும் ஆராய வேண்டும்' என்று காரணம் காட்டித் தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல்! அப்போது தோட்டத்தில் மருந்தடித்தவர்களில் நம் பெண்களைவிட வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுந்திருந்தனர்.

இனி நெகிழிக்கு வருவோம்.

உலகின் நெகிழிக் குப்பையைப் பல ஆண்டுகளாக வாங்கிக் குவித்துவந்த சீனா, 2018 ஜனவரி முதல் கதவை அடைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் முதலிய நாடுகளின் கழிவு வேறு கரை தேடியது. அவ்வாண்டு மட்டும் மலேசியாவுக்குள் 8 இலட்சம் டன்னுக்கு மேல் நெகிழிக் கழிவு வந்திறங்கியது. முதலில் நாறியது சிலாங்கூரின் ஜெஞ்சாரோம். அங்கே குடியிருப்பாளர்கள் போராடி, சோதனைகள் கடுமையானபோது, ஆலைகள் மூடப்பட்டன என்பதைவிட இடம் மாறின என்பதே பொருந்தும். வடக்கே பினாங்குத் துறைமுகம் அருகில். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வாசலில். பழைய தோட்ட நிலங்களில் எழுந்த தொழிற்பேட்டைகளும் அவற்றைச் சூழ்ந்த செம்பனைக் காடுகளும் மறைவுக்கு வசதி. சுங்கைப் பட்டாணி இதைவிட என்ன செய்து அழைக்க வேண்டும்?

இந்த ஆலைகளின் வேலைமுறை எளியது. வந்த குப்பையைத் தரம் பிரித்து, கழுவி, துண்டாக்கி, உருக்கிக் குறுமணிகளாக்கி விற்பார்கள். தூய நெகிழிக்கு விலை உண்டு. அதனோடு கலந்து வரும் அழுக்குப் பைகள், பல அடுக்கு உறைகள், உணவு ஒட்டிய தாள்கள் ஆகியவற்றுக்கு விலை இல்லை. அவற்றை முறைப்படி அகற்றச் செலவு உண்டு. அந்தச் செலவை மிச்சப்படுத்தும் வழிதான் இரவில் மூட்டும் தீயும், செம்பனை ஓரத்தில் கவிழ்க்கும் லாரியும். குளோரின் கலந்த பி.வி.சி. நெகிழி எரிந்தால் டயாக்சின் உண்டாகும். அது புற்றுநோய்க்குக் காரணமாவது. கழுவிய நீர் கால்வாய் வழியே மெர்போக் கழிமுகத்தை நோக்கிப் போகும். இரவில் சன்னல்களை இறுகச் சாத்தியும் அந்த வாடை உள்ளே புகுந்ததைத் தாமான்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

குடிமக்கள் புகார் செய்யாமலா இருந்தார்கள்? செய்தார்கள். எங்கே செய்வது என்பதுதான் சிக்கல். நெகிழிக் கழிவுக்கு உரிய சுங்க எண் 3915. அதை இறக்குமதி செய்யும் 'ஏ.பி.' அனுமதி, வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் கீழுள்ள தேசியத் திடக்கழிவு மேலாண்மைத் துறையின் கையில் இருந்தது. கொள்கலனைத் திறந்து பார்க்க வேண்டியது சுங்கத் துறை. வேறு எண்ணைப் பொய்யாகக் குறிப்பிட்டு வந்த கொள்கலன்களும் பல. தொழிலுக்கான உரிமம் நகராண்மைக் கழகத்தினுடையது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது மாநில அரசும் நில அலுவலகமும். புகையும் நச்சுக்கழிவும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுற்றுச்சூழல் துறைக்கு உரியவை. ஒரே புகைக்கு ஐந்து வாசல்கள்! ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வாசலைக் காட்டினால் போதும். பொய் சொல்லவும் வேண்டியதில்லை.

தண்டனையும் அவ்வாறே. திறந்த வெளியில் எரித்தால் 5 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க அன்றைய சட்டம் இடம் தந்தது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகாமல் 'கொம்பவுன்' என்னும் உடனடி அபராதத்தோடு முடித்துக்கொண்டால் 2,000 ரிங்கிட். குப்பையை முறையாக அகற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது தண்டனையா, கட்டணமா?

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2018 ஜூலையில் 114 ஆலைகளின் இறக்குமதி அனுமதி மூன்று மாதங்களுக்கு நிறுத்தப்பட்டது. அன்றைய அமைச்சர் இயோ பீ இன் கொள்கலன்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். 2020 ஜனவரியில் பட்டர்வொர்த்தில் அவர் தந்த கணக்கு: 150 கொள்கலன்கள், 3,737 டன், 13 நாடுகளுக்கு. மலேசியா உலகின் குப்பைத்தொட்டி ஆகாது என்றும் உறுதி கூறினார். நல்ல தொடக்கம்தான். ஆனால் 8 இலட்சம் டன்னுக்கு முன்னே 3,737 டன் எம்மாத்திரம் என்பதை நம் ஐந்தாம் ஆண்டு மாணவனே கணக்கிட்டுவிடுவான். திருப்பி அனுப்ப முடிந்தது, துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதை மட்டுமே.

அடுத்த மாத இறுதியில் கூட்டரசு கவிழ்ந்தது. மே மாதத்தில் கெடா மாநில அரசும் மாறியது. சுற்றுச்சூழலைக் கவனிக்கும் அமைச்சின் பெயர் 2018, 2020, 2022, 2023 என நான்கு முறை மாறியிருக்கிறது. பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் கோப்புகள் பெட்டியில் ஏறுகின்றன. புகார்தாரர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

இதன் விலையைப் பள்ளிக்கூடம் கொடுத்ததை ஜொகூரில் கண்டோம். 2019 மார்ச் 7ஆம் நாள் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. முதலில் மூச்சுத்திணறி விழுந்தவர்களில் ஆற்றருகே இருந்த பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். நிலைமை கட்டுக்குள் வந்துவிட்டதாக எண்ணியிருந்தபோது மீண்டும் மோசமாகி, 111 பள்ளிகள் மூடப்பட்டன. மருத்துவ உதவி நாடியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அங்கே ஒரே நாளில் நடந்தது நாடறிந்த செய்தியாயிற்று. இங்கே மாதக்கணக்கில் இரவுதோறும் சிறிது சிறிதாக நடந்ததற்கு எந்தப் பள்ளியும் மூடப்படவில்லை.

பீடோங்கை அடுத்த சுங்கை பத்து அகழாய்விடத்தையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. செம்பனைத் தோட்ட நிலத்தைத் தோண்டிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், 2009 முதல் அங்கே பழங்கால இரும்பு உருக்கு உலைகளையும் குவியல் குவியலாகக் கசடுகளையும் வெளிக்கொணர்ந்தனர். கடாரம் என்று நாம் பெருமை பேசும் மண்ணின் தொழிலை நமக்குச் சொன்னது அதன் கழிவுதான். நாளை தோண்டுபவன் கையில் அகப்படப் போகும் எந்தெந்த நாட்டு ரொட்டிப் பைகளைக் கொண்டு நம் காலத்தைக் கணிப்பானோ!

சட்டம் பின்னர் இறுகியிருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம், சில குற்றங்களுக்கு அதிகபட்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. 2025 ஜூலை 1 முதல், அபாயக் கழிவுகள் குறித்த பாசல் உடன்படிக்கையில் சேராத நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வரத் தடை. அமெரிக்காவும் அதில் அடங்கும். இவை துறைமுக வாசலுக்கான பூட்டுகள். 2018 முதல் எரிந்து மண்ணில் கலந்த சாம்பலை அள்ளும் பொறுப்பு அந்த ஐந்து வாசல்களில் எதனுடையது என்பதை இந்த இரண்டு சட்டங்களும் சொல்லவில்லை.

ஆகவே, உங்கள் தாமானில் மறுபடியும் அந்த வாடை எழுந்தால், ஓர் அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரே கடிதத்தை ஐந்துக்கும் அனுப்புங்கள். மற்ற நால்வருக்கும் அனுப்பியிருப்பதை ஒவ்வொன்றிலும் குறிப்பிடுங்கள். நாள், நேரம், இடம், படம் நான்கும் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள். மலாய்மொழியில் கடிதம் எழுதத் தயங்குவோர் பள்ளிக்கு வாருங்கள். மாலை வகுப்பு முடிந்தபின் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.