சிங்கப்பூரின் வீட்டுச் சமையலாட்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1970கள் வரை, சிங்கப்பூரில் துரைமார், பெரனாக்கான் (மலாய்ப் பண்பாடு கலந்த சீன வழியினர்) செல்வர்கள், சீன வணிகர்கள் ஆகியோரின் வீடுகளில் அடுப்படி வேலை பார்த்தவர்கள் இந்தச் சமையலாட்கள். இவர்களில் இரு கூட்டத்தார் முக்கியமானவர்கள்: சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்த ஆண்கள், குவாங்டோங் மாநிலத்தின் ஷுண்டே வட்டாரத்திலிருந்து வந்து சைனாடவுன் கடைவீடுகளில் அறை எடுத்துத் தங்கிய 'மாஜே' எனப்படும் பெண்கள். இன்று சிங்கப்பூர்ச் சாப்பாடு என்று உலகம் அறிந்திருப்பதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் இவர்களில் பாதிப் பேரின் பங்கைத்தான் வரலாறு கணக்கில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் கறுப்பின அடிமைச் சமையற்காரர்களோடு இவர்களை ஒப்பிடுவதுண்டு. அங்கே தாமஸ் ஜெஃபர்சன் தம் அடிமை ஜேம்ஸ் ஹெமிங்ஸை 1784இல் பாரிசுக்கு அழைத்துப் போய்ப் பிரெஞ்சுச் சமையல் பழக்கினார். ஹெமிங்ஸுக்கு விடுதலை கிடைத்தது 1796இல். சிங்கப்பூர்ச் சமையலாட்கள் கூலி வாங்கியவர்கள், பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொண்டவர்கள். ஆகவே ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. அடிமை வணிகத்தை, பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1823இலேயே இங்கு தடை செய்துவிட்டார். ஆனாலும் 'முய் சாய்' என்ற பெயரில் ஏழைச் சிறுமிகளை விலைக்கு வாங்கிச் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் வழக்கம் அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1932இல் இயற்றிய சட்டம்தான் அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அப்படி எட்டு வயதில் விற்கப்பட்ட ஜேனட் லிம் பின்னாளில் தாதியாகி, 1958இல் தன் கதையை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அடிமைத்தனம் என்ற சொல் இங்கே பொருந்துவது அந்தச் சிறுமிகளுக்குத்தான்.

ஹைனானியர் பிந்தி வந்தவர்கள். அதற்குள் துறைமுக வணிகத்தை ஹொக்கியன் மக்களும், மிளகு, கேம்பியர் தோட்டங்களைத் தியோச்சூ மக்களும் கைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது கப்பல், படைமுகாம், ஹோட்டல், துரை வீடு ஆகியவற்றின் அடுப்படி. மிடில் ரோடு, பர்விஸ் ஸ்திரீட், சியா ஸ்திரீட் பகுதியில் குடியிருந்து, ஒருவர் சொல்லி இன்னொருவருக்கு வேலை கிடைத்து, அந்தத் தொழிலே அவர்களுடையதாயிற்று. துரைசாணி கேட்டது இங்கிலாந்துச் சாப்பாடு. கையில் இருந்தது சோயாச் சாறு. அப்படிப் பிறந்ததுதான் ஹைனானியப் பன்றி சாப். இறைச்சித் துண்டைத் தட்டி மென்மையாக்கி, முட்டையில் தோய்த்து, நொறுக்கிய கிராக்கர் பிஸ்கட் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். மேலே தக்காளி சாஸும் சோயாவும் கலந்த குழம்பு, கூடவே பட்டாணி, வெங்காயம். இதைத் தேங்காய்ப்பால் கறி ஊற்றிய வெள்ளைச் சோற்றோடு சாப்பிடுவது எந்த நாட்டுச் சமையல் என்று கேட்டால் விடை கிடையாது. சிங்கப்பூரில் நடக்கும் காரியம் அது.

இரண்டாம் உலகப் போரில் துரைமார் போனதும் பிழைப்பும் போயிற்று. ஹைனானியர் தெருவுக்கு வந்து கடை போட்டார்கள். வோங் யி குவான் கோழிச்சோறு விற்றார். அவரிடம் தொழில் பழகிய மோ லீ துவீ மிடில் ரோட்டில் சுவீ கீ உணவகத்தை நடத்தினார். கோழிச்சோறு துரை வீட்டுப் பண்டமல்ல, ஹைனானின் வென்சாங் ஊரிலிருந்து வந்தது. ஆனால் அதை விற்கத் தெரிந்தவர்கள் இந்தத் தலைமுறையினர்தாம். பிரிட்டிஷ் படையினருக்குச் சமைத்த சே லிப் ஹாய் பின்னாளில் 'ஜாக்ஸ் பிளேஸ்' ஸ்டேக் உணவகத்தை நடத்தினார்.

மாஜேக்களுக்கு இந்த வழி வாய்க்கவில்லை. 1930களில் பட்டுத்தொழில் நொடித்ததும் ஷுண்டேயிலிருந்து கப்பலேறியவர்கள் இவர்கள். அப்போது சீன ஆண்கள் வரவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. பெண்களுக்கு 1938 வரை இல்லை. மணம் புரிவதில்லை என்று சடங்கு செய்து கொண்டை முடிந்தவர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. பெரிய வீடுகளில் சமைக்க ஒருத்தி, பிள்ளை பார்க்க ஒருத்தி. எல்லாம் ஒருத்தி தலையில் விழுந்தால் அவளுக்கு 'யாட் கேக் தெக்' என்று பெயர். வேலையில்லாத நாளில் படுக்கவும் கடிதம் பெறவும் பெட்டி வைக்கவும் முதுமையில் ஒதுங்கவும் சைனாடவுனில் பலர் சேர்ந்து ஓர் அறைக்கு வாடகை கட்டினார்கள். சாகும் தறுவாயில் சிலருக்குச் சேகோ லேன் மரண விடுதிகளே கதி; அவை 1961இல் தடை செய்யப்பட்டன.

ஷுண்டே, சீனாவிலேயே சமையலுக்குப் பேர்போன ஊர். 2014இல் யுனெஸ்கோ அதை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. அந்தக் கைப்பக்குவத்தைத்தான் இவர்கள் கொண்டுவந்தார்கள். தாமரைக்கிழங்கும் பன்றி எலும்பும் வேர்க்கடலையும் மணிக்கணக்கில் கொதித்த சூப், நொடி பிசகாமல் ஆவியில் வேகும் மீன், பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் கறுப்பு வினிகரும் சேர்த்த பன்றிக்கால் (நம் வீட்டுப் பிரசவ லேகியத்தின் இடத்தில் அவர்களுக்கு இது). பெரனாக்கான் வீட்டில் சம்பாலும் பழகினார்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அளவெல்லாம் கையில்தான்.

பலகை தொங்கவிட்டவன் பெயர் நிலைத்தது, வீட்டுக்குள் சமைத்தவள் பெயர் நிலைக்கவில்லை. மீன்தலைக் கறிக்கு 1949இல் கடை நடத்திய மலையாளி எம். ஜே. கோமஸைச் சொல்கிறோம், 'சிங்கப்பூர் ஸ்லிங்' பானத்துக்கு ராஃபிள்ஸ் ஹோட்டலின் ஹைனானியர் ஞியாம் தோங் பூனைச் சொல்கிறோம். வீட்டுச் சமையல் என்றால் நூல் எசமானி பெயரில் வரும். மலாயாத் துரைசாணிகளுக்காகத் திருமதி கின்சி 1920களில் வெளியிட்ட சமையல் நூலில் 420 குறிப்புகள் உண்டு. அத்தகைய அடுப்பின் முன் நின்றவரோ வெறும் 'குக்கி'. மதராசிலும் இதே கதை: கென்னி-ஹெர்பர்ட் 1878இல் எழுதிய சமையல் நூலில் பட்லர் யாராயிருந்தாலும் 'ராமசாமி'தான். இன்னொரு வேடிக்கை: கட்டடத்தில் கல் சுமந்த சம்சுயிப் பெண்களின் பெயரில் இஞ்சிக் கோழி ஒன்று உணவகப் பட்டியலில் உண்டு. சமைத்தே வாழ்ந்த மாஜேக்களின் பெயரில் அப்படி ஊரறிந்த பண்டம் எதுவுமில்லை.

1970களில் மாஜேக்கள் ஓய்ந்தார்கள். 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் வந்தது. இன்று ஏறத்தாழ 3 லட்சம் பணிப்பெண்கள் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்து இவ்வேலையைச் செய்கிறார்கள். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது. அதே ஊரின் வீட்டு அடுப்படிக்கு அப்படி ஒரு பதிவு இன்னும் இல்லை. மாஜே சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்று மூத்த குடிமக்கள். அந்தக் குறிப்புகளை எழுதி வைப்பதானால் அவர்களிடமிருந்துதான் கேட்டு எழுத வேண்டும், அதுவும் இப்போதே.