குடல் தொற்று மாத்திரைகள்: மருந்துச்சீட்டு வந்த வரலாறு

வாந்திபேதி (காலரா), டைபாய்டு, சீதபேதி, ரத்தபேதி எனப் பல நோய்கள் குடல் தொற்று என்ற ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. காலராவுக்கும் டைபாய்டுக்கும் காரணம் பாக்டீரியா. அமீபா சீதபேதிக்குக் காரணம் ஒற்றைச்செல் உயிரி. குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கில் ரோட்டா வைரசுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றுக்கு ஏற்ற மாத்திரை மற்றொன்றுக்குப் பயன்படாது. இந்த உண்மையை மருத்துவ உலகம் நூறாண்டு காலம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

முதலில் வழக்கத்துக்கு வந்த வலிமையான மருந்து எமிட்டின். இப்பிகாக் வேரிலிருந்து எடுக்கப்படும் இதை, 1912இல் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் அமீபா சீதபேதிக்கு ஊசியாகச் செலுத்திப் பலன் கண்டார். ஆனால் அது இதயத்தைப் பாதித்ததால், நோயாளியைப் படுக்கையிலேயே கிடத்திக் கண்காணிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது.

1934இல் சந்தைக்கு வந்த எண்டரோ-வயோஃபார்ம் போன்ற கிளியோகுயினால் மாத்திரைகள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தின. வயிறு சரியில்லை என்றால் கடையில் வாங்கி விழுங்கலாம் என்ற பழக்கம் பல நாடுகளில் பரவியது. ஜப்பானில் இம்மருந்தை நீண்ட நாள் சாப்பிட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் மரத்து, நடை தளர்ந்தது. சிலருக்குப் பார்வையும் போனது. முதலில் இதை ஒரு புதிய தொற்றுநோய் என்றே எண்ணினார்கள். நோயாளிகளின் நாக்கிலும் சிறுநீரிலும் தெரிந்த பச்சை நிறத்தை ஆராய்ந்தபோதுதான், மருந்தே காரணம் என்பது தெரியவந்தது. 1970 செப்டம்பரில் ஜப்பான் அதன் விற்பனையை நிறுத்தியது.

டைபாய்டின் கதை தமிழர்களுக்குப் பழக்கமான மண்ணில் தொடங்குகிறது. மூன்று நான்கு வாரம் நீடித்துப் பலரைக் கொன்ற அந்தக் காய்ச்சலுக்கு, 1948இல் கோலாலம்பூரில் குளோரம்ஃபெனிகால் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே காய்ச்சல் இறங்கியது. அந்த மருந்து வேகமாக உலகெங்கும் பரவியது. மிக அரிதாக அது எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கும் என்பது 1950களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அடுத்த அடி 1972இல் கோழிக்கோட்டில் விழுந்தது: குளோரம்ஃபெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு அங்கே பரவியது. 1990களில் ஆம்பிசிலினும் கோட்ரைமாக்சசோலும் சேர்ந்தே பயனற்றுப்போன கிருமிகள் இந்தியாவில் பெருகின. அவற்றுக்கு மாற்றாக வந்த சிப்ரோஃப்ளாக்சசினும் சில ஆண்டுகளில் வலிமை இழந்தது. இப்போது சிகிச்சை பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம், அசித்ரோமைசின் ஆகியவற்றை நம்பியிருக்கிறது.

அமீபாவுக்கு நல்ல மருந்தாக மெட்ரோனிடசோல் 1966இல் டர்பனில் நிறுவப்பட்டது. நாக்கில் உலோகச் சுவையைத் தந்தாலும் எமிட்டினைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது. ஆயினும் அது வைரசால் வரும் வயிற்றுப்போக்கைத் தொடக்கூடச் செய்யாது. அதைச் சாப்பிடும் நாட்களில் மதுவைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரையே தேவையில்லாத இடத்தையும் வரலாறு காட்டியது. 1971 வங்காள அகதி முகாம்களில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே எண்ணற்ற வாந்திபேதி நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு இத்தகைய ஓ.ஆர்.எஸ். கரைசலே முதல் சிகிச்சை. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்க்கப்படுகிறது. 1992இல் ஓ139 என்ற புதிய காலரா வகை சென்னையில் கண்டறியப்பட்டபோதும், உடலில் இழந்த நீரை ஈடுகட்டுவதே சிகிச்சையின் அடித்தளமாக இருந்தது.

இந்தியாவில் சட்டமும் மெல்ல மெல்ல இறுகியது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1945 விதிகளும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளை வரையறுக்க வழிசெய்தன. 2012இல் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், ஆன்டிபயாட்டிக் விற்பனைக்கு நாடு தழுவிய கட்டுப்பாடு வேண்டும் என்றது. மறு ஆண்டே எச்1 அட்டவணை அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்பதைக் காட்டும், அட்டையிலுள்ள சிவப்புக் கோடு பற்றிய விழிப்புணர்வு இயக்கம் 2016இல் தொடங்கியது.

சென்னை–அரக்கோணம் ரயில் பாதையிலுள்ள மணவூருக்கும் அதனருகே ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் நிறையும் திருத்தணிக்கும், இவை போன்ற ஊர்களுக்கும் இந்த வரலாறு வெறும் பழங்கதை அல்ல. இப்பகுதியிலிருந்து தொலைவில்லாத வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்நின்று நடத்திய தேசிய டைபாய்டு கண்காணிப்பு ஆய்வு, குழந்தைகளிடையே இந்நோய் இன்னும் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. மெடிக்கல் கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை மட்டும் வாங்கும் வழக்கம் இத்தகைய ஊர்களில் சாதாரணம். அப்படி வெட்டிய துண்டில் காலாவதித் தேதியும் பெயரும் கண்ணில் படாமல் போகும். சிகிச்சையும் பாதியில் நிற்கும்.

இந்த வரலாறு தரும் விதிகள் சில. வயிற்றுப்போக்குக்கு முதலில் ஓ.ஆர்.எஸ். மலத்தில் ரத்தம், தணியாத காய்ச்சல், ஓயாத வாந்தி, மயக்கம், கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதமின்றி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த அளவையும் நாட்களையும் குறைக்கவோ கூட்டவோ கூடாது. மிஞ்சிய மாத்திரையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதும், பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் ஆபத்து. கர்ப்பிணிகளும் ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுபவர்களும் அதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.