வீடாகிப் போன ரயில் பெட்டி

1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க் நகரப் பட்டறையில் இரண்டு புதுமையான ரயில் பெட்டிகள் செய்யப்பட்டன. நீராவி எஞ்சின் இழுக்காமல் தாமாகவே ஓடக்கூடியவை அவை. வட கிழக்கு ரயில்வே என்ற கம்பனி அவற்றுக்கு 3170, 3171 என இலக்கமிட்டது.

அக்காலத்தில் நகரங்களில் மின்சார ட்ராம் வண்டிகள் பெருகி, குறுந்தூரப் பயணிகளை ரயிலிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தன. பாதை முழுவதும் மின்சாரம் கொண்டுசெல்வதென்றால் பெருஞ்செலவு. ஆகவே பெட்டிக்குள்ளேயே ஒரு பெற்றோல் எஞ்சினை வைத்தார்கள். அது மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் சக்கரங்களுக்கு அருகிலுள்ள மோட்டார்களை இயக்கும். மின்நிலையத்தையே பெட்டி தன்னோடு சுமந்து சென்றது எனலாம்.

கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 இல் நமக்கு வழங்கத் தொடங்கிய எம்-2 எஞ்சின்களும் இதே தத்துவத்தில் இயங்குபவைதாம். பெற்றோலுக்குப் பதில் டீசல், அவ்வளவுதான் வேறுபாடு. "கோச்சி" என்று நம்மவர் செல்லமாக அழைக்கும் வண்டியை அவை பல்லாண்டு இழுத்தன. அந்தத் தத்துவத்தை ரயிலில் மிக முற்பட்டுச் சோதித்துப் பார்த்தவற்றுள் இப்பெட்டிகளும் அடங்கும்.

எனினும் புதுமைக்கு மரியாதை கிடைக்கவில்லை. 3170 ஆம் பெட்டி 1931 இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. எஞ்சினும் சக்கரங்களும் போயின. உடற்பகுதியை மட்டும் ஒருவர் வாங்கி, வட யோர்க்ஷயரில் கேர்க்பிமூர்சைட் என்ற ஊருக்கு அருகே விடுமுறை இல்லமாக வைத்துக்கொண்டார். அதன் சோடி மிஞ்சவில்லை. தண்டவாளத்தில் 28 வருடம் ஓடிய பெட்டி, வீடாக 72 வருடம் நின்றது. 2003 இல் பழம் பெட்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் அதை அங்கிருந்து மீட்டெடுத்தார். அதை நூதனசாலைக்காரர் காக்கவில்லை, குடியிருந்தவர்கள் காத்தார்கள். பயன்பட்டதால் பிழைத்தது.

இனித்தான் கடினமான வேலை. 2006 இல் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு நிதியம் அமைத்தனர். அவர்கள் கையில் இருந்ததோ மரத்தாலான ஒரு கூடு. இதற்குப் பணம் கொடுங்கள் என்று மக்களிடம் எப்படிக் கேட்பது? ஓடும் எஞ்சினைக் காட்டி நிதி சேர்ப்பது இலகு. ஓடாத கூட்டைக் காட்டிச் சேர்ப்பதற்குக் கதை சொல்லத் தெரிய வேண்டும். அவர்கள் அதன் வரலாற்றையே முதலாக வைத்தார்கள். அங்கத்தவர் சந்தாவும் நன்கொடையும் சேர்ந்தன. தொண்டர்கள் உழைப்பைத் தந்தனர். அதிர்ஷ்டலாபச் சீட்டு வருமானத்திலிருந்து மரபுரிமைகளுக்கு உதவும் பிரித்தானிய நிதியம் 2011 இல் நாலரை இலட்சம் பவுணுக்கும் அதிகமாக வழங்க முன்வந்தது.

அடிச்சட்டம் வேறொரு பழைய பெட்டியிலிருந்து வந்தது. எஞ்சினோ புதிய டீசல் எஞ்சின். அப்படியானால் இது பழைய பெட்டிதானா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். உடல் 1903 இனுடையது. உள்ளே எஞ்சின் மின்சாரம் பிறப்பிக்க, அம்மின்சாரம் சக்கரத்தைச் சுழற்றும் முறையும் அன்றையதே. அந்த முறைக்காகவே அது வரலாற்றில் இடம்பெறுகிறது. கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தால் பழைய மரம் மிஞ்சியிருக்கும். அந்த முறை எவருக்கும் விளங்கியிராது. 2018 ஒக்டோபரில் எம்ப்சே - போல்டன் அபே பாதையில் பெட்டி மீண்டும் பயணிகளை ஏற்றியது. வீட்டை விட்டுப் புறப்பட 15 வருடங்கள் பிடித்தன.

பழம்பொருளைக் காப்பதற்குப் பணம் இல்லையென்று நாம் சொல்லிக்கொள்வது வழக்கம். பணத்துக்கு முன்னே வேண்டியது, அப்பொருள் என்ன செய்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய ஒருவர். எம்-2 எஞ்சினை ஓட்டியவர்களும் பட்டறையில் அதைத் திருத்தியவர்களும் நம் ஊர்களில் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கொப்பியும் பேனையும் போதும். அதற்கு எவரிடமும் நிதி திரட்ட வேண்டியதில்லை.